எட்டங்குலக் கல்யாணப் பெண்ணுக்கு எவ்வளவு புடவை வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எனக்குத் தையல் தெரியும். கல்யாண செட் போல, உடை உடுத்திய சிறு பொம்மைகளைச் செய்து நவராத்திரிக் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு விற்க ஆசை. என்ன அளவு, என்ன துணி, என்ன விலை? எங்கே தொடங்குவது?"

உயரத்தில் தொடங்குங்கள். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக முகத்தில் தொடங்குகிறார்கள். மூக்கும் உதடும் சரியாக வரும்வரை வாரக்கணக்கில் போராடிவிட்டு, துணியைக் கடைசி இரண்டு நாளில் சுற்றி ஒட்டுகிறார்கள். ஸ்டாலுக்கு வருகிறவர் இரண்டடி தள்ளி நின்று முதலில் பார்ப்பது புடவையை, அடுத்து ஜடையை. முகத்தைப் பார்ப்பதற்குள் அவர் வாங்குவதா வேண்டாமா என்று பாதி முடிவு செய்திருப்பார். உடை கண்ணுக்குப் பொருந்துவதும் பொருந்தாததும் அளவு விகிதத்தைப் பொறுத்தது. அதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் துணி, மணி, விலை எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

என் பரிந்துரை எட்டு அங்குலம். காரணம் வெறும் கணக்குதான். ஐந்தடி நான்கு அங்குலப் பெண் என்றால் 64 அங்குலம். எட்டால் வகுத்தால் எட்டு. எனவே உலகத்தில் எதை அளந்தாலும் எட்டால் வகுத்தால் போதும். ஐந்தடி பத்தங்குல மாப்பிள்ளை எட்டே முக்கால் அங்குலம். மூன்றடி நான்கங்குலக் குழந்தை ஐந்து அங்குலம். வெளிநாட்டுப் பொம்மை வீடுகளுக்கான அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் அதே பெண் ஐந்தே கால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வருவாள். சரிகை வேலைக்கு இடமே இருக்காது. குழந்தைகள் விளையாடும் ஃபேஷன் பொம்மைகளின் அளவு ஆறில் ஒரு பங்கு. தைப்பது எளிது. ஆனால் ஒரு கல்யாணக் கூட்டத்தையே கொலுப்படியில் நிறுத்தினால் படி போதாது, பொருள் செலவும் ஏறிவிடும்.

இப்போது புடவைக்கு வருவோம். ஆறு கெஜப் புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலம். எட்டால் வகுத்தால் 69 சென்டிமீட்டருக்கு 14 சென்டிமீட்டர். நான்கு அங்குல பார்டர் அரை அங்குலமாகும். ஐந்து அங்குலக் கொசுவ மடிப்பு ஒன்றரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். தாளில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வெட்டிக் கட்டிப் பார்த்தால் பொம்மையின் இடுப்பு உரல் பருமனாகிவிடும். நீளத்தையும் அகலத்தையும் எட்டால் வகுத்தோம், துணியின் கனத்தை வகுக்க முடியவில்லையே! இழையும் அதே இழை, நெசவும் அதே நெசவு. துணியின் எடையும் குறைந்துவிட்டதால் மடிப்பு கீழே தொங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். இந்தத் தொழிலின் சிரமம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. நல்ல காஞ்சிபுரம் பட்டை அப்படியே எட்டங்குலப் பொம்மைக்குக் கட்டுவது, ஜமுக்காளத்தை ஒரு பெண்ணுக்கு உடுத்திவிடுவது போலத்தான்.

ஆகவே புடவையின் உடலுக்கு ஒரு துணி, பார்டருக்கு வேறு துணி. உடலுக்குக் கையில் கசக்கினால் மோதிரத்துக்குள் நுழையும்படியான மெல்லிய பட்டு, அல்லது நைஸ் மல் துணி. பார்டருக்கு ஆறேழு மி.மீ. அகலச் சரிகை நாடா, அல்லது பழைய பட்டுப் புடவையின் பார்டரிலிருந்து மெல்லிய கோடு மட்டும் வரும்படி நீளவாக்கில் வெட்டிய துண்டு. கண்ணுக்கு அரை அங்குல பார்டர்கூடப் பெரிதாகத் தெரியலாம். கணக்கை விடக் கொஞ்சம் குறைவாக வைத்தால்தான் பட்டுப் புடவை போல் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். உண்மையான காஞ்சிபுரத்தில் உடலும் பார்டரும் கோர்வை போட்டு இணைக்கப்படுவதால் இரண்டும் சேருமிடம் துல்லியமாகத் தெரியும். அதனால் நீங்கள் ஒட்டித் தைத்த பார்டர் யார் கண்ணுக்கும் உறுத்தாது.

பழைய பட்டுப் புடவைகள் இந்த வேலைக்குப் பொன். பல வருடம் கட்டியதால் விறைப்புப் போய் மென்மையாகியிருக்கும். ஆனால் மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு நைந்து கீறியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து அந்த இடங்களை ஒதுக்கிவிடுங்கள். அரக்குச் சிவப்பு சாயம் போகிறதா என்று ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். அச்சுத் துணி வாங்குவதானால் பூவின் அளவைப் பாருங்கள். ஐந்து மி.மீ. பூ என்பது அசல் புடவையில் நான்கு சென்டிமீட்டர் பூ. அது சரிதான். ஒரு அங்குலப் பூ என்றால் எட்டு அங்குலப் பூவைப் போட்ட புடவை. அதைக் கட்டிக்கொண்டு யாரும் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள்.

கட்டும் முறையிலும் கொஞ்சம் ஏமாற்று வேலை தேவை. புடவையை ஒரே துண்டாகச் சுற்றவே வேண்டாம். மூன்று துண்டுகள்: இடுப்பைச் சுற்றும் பாவாடை போன்ற பகுதி, கொசுவம், தலைப்பு. அடியில் பக்ரம் என்ற விறைப்பான துணியில் ஒரு கூம்புப் பாவாடை. கொசுவத்தைத் தனியாக ஒரு போஸ்ட்கார்டு அட்டையை வைத்து மடித்து, ஹேர்பின் குத்தி, ஈரத்துணி போர்த்தி இஸ்திரி போட்டு, முழுவதும் ஆறிய பிறகே எடுக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் மடிப்பு அவிழும். ஆறேழு மடிப்பு இருந்தால் போதும். அசலில் இருக்கும் எண்ணிக்கை கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தலைப்பு தோளிலிருந்து இயல்பாக விழ வேண்டுமென்றால், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் லேசாக நனைத்து, முதுகோடு பின் குத்தி அப்படியே உலரவிடுங்கள். கஞ்சி போடாதீர்கள். பரணில் ஒரு வருடம் இருக்கப்போகும் பொம்மை. கஞ்சி இருக்கும் துணியைத் தேடிக்கொண்டு வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வரும்.

கல்யாண செட் செய்பவர்கள் தப்பவே முடியாதது மடிசார். வாங்குகிறவர்களில் பலர் அதைத் தாங்களே கட்டியவர்கள். ஐயர் கட்டில் தலைப்பு வலது தோளில், ஐயங்கார் கட்டில் இடது தோளில். மணப்பெண்ணுக்கு ஒரு கட்டும் அவள் அம்மாவுக்கு வேறு கட்டுமாக நிறுத்திவிட்டால், சிரித்துக்கொண்டே பொம்மையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாப்பிள்ளையின் பூணூல் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு வர வேண்டும். காசி யாத்திரை என்றால் குடை, கைத்தடி, விசிறி, புத்தகம். செட்டிநாட்டு ஆச்சிக்குக் கண்டாங்கி உடுத்தினால் கொசுவம் பின்னால் வரும். நாதஸ்வரம் பற்றி ஒரு வார்த்தை: ஏறக்குறைய எல்லோரும் அதைக் குட்டையாகவே செய்கிறார்கள். அசல் வாத்தியம் மூன்றடியைத் தொடும். எட்டில் ஒரு பங்கு என்றாலும் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். அதாவது வித்வான் பொம்மையின் உயரத்தில் பாதிக்கு மேல். அந்த நீளத்தில் செய்து கையில் கொடுத்துப் பாருங்கள், பொம்மை வாசிப்பது போலவே இருக்கும்.

சந்தர்ப்பம் கிடைத்தால் டெல்லியில் சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் தொடங்கியது. உலக நாடுகளின் பொம்மைகளோடு, அங்கேயே பட்டறை வைத்துச் செய்த இந்தியப் பொம்மைகளும் இருக்கின்றன. மாநிலவாரியாக மணமக்கள், நடனக் கலைஞர்கள் என்று. ஒவ்வொரு கட்டும் மடிப்பும் விசாரித்துச் செய்தது என்பது பார்த்தாலே தெரியும். உடைப் பொம்மை செய்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நகைக்கும் அதே எட்டுதான் கணக்கு. இரண்டு மி.மீ. மணி அசலில் 16 மி.மீ. காசு மாலைக்குப் பொருந்தும், மூக்குத்திக்குப் பொருந்தாது. ஜர்தோசி வேலைக்கு விற்கும் சுருள் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஒட்டியாணம், வங்கி, வளையல் எல்லாம் வரும். மெல்லிய ஸ்டோன் செயின் நெற்றிச்சுட்டிக்கு. தலைமுடிக்குக் கறுப்புப் பட்டு நூல். கம்பளி நூல் இந்த அளவில் தடித்துத் தெரியும். ராக்கொடியும் சூரியப்பிறை சந்திரப்பிறையும் குஞ்சலமும் வைத்த ஜடையைச் செய்யக் கற்றுக்கொண்டால் மற்ற ஸ்டால்களிலிருந்து தனித்துத் தெரிவீர்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பொம்மையின் பின்பக்கத்தைக் கவனிப்பதே இல்லை. மல்லிகைச் சரத்துக்கு வெள்ளை நூலில் முடிச்சுப் போடலாம். நெட்டி (நீர்ச்செடித் தண்டின் வெண்மையான சோறு) கிடைத்தால் இன்னும் நன்று. தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்த அளவில் நெட்டிப் பூவின் வெண்மையை எந்தப் பிளாஸ்டிக் பூவும் தொட முடியாது.

உடம்புக்கு வருகிறேன். இரண்டு வழி. ஒன்று, அலுமினியக் கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி, பஞ்சும் துணிப் பட்டையும் சுற்றி, தலையும் கையும் காற்றில் உலரும் களிமண்ணில் செய்வது. நிற்கும், உட்காரும், மாலை மாற்றும். எந்த நிலைக்கும் வளைக்கலாம். தலையை ஒன்றே கால் அங்குலம் வைத்தால் மொத்த உயரம் ஆறரைத் தலை வரும். நிஜ மனிதர்கள் ஏழு, ஏழரைத் தலை இருப்பார்கள். பொம்மைக்கு ஆறரைதான் லட்சணம். ஒரு நல்ல தலையைச் செய்து அச்சு எடுத்துக்கொண்டால் போதும், ஒவ்வொன்றையும் செதுக்க வேண்டாம். கண்ணைக் குறைவாக வரையுங்கள்: மேல் இமைக் கோடு, கருவிழி, ஒரு வெள்ளைப் புள்ளி. இரு கண்ணும் ஒரே திசையைப் பார்த்தால் முகம் உயிர் பெற்றுவிடும். பாதத்திலிருந்து கம்பியை நீட்டி அடிப்பலகையில் துளையிட்டு இறக்கிவிடுங்கள். பசையால் மட்டும் நிற்கும் பொம்மை கொலுப்படியில் ஒருநாள் சாயும், சாயும்போது பக்கத்தில் இருக்கும் களிமண் பிள்ளையாரையும் சேர்த்துக்கொண்டு போகும்.

இரண்டாவது வழி மரப்பாச்சிக்கு உடை உடுத்துவது. கொலு வைக்கும் வீடுகளில் ராஜா ராணி மரப்பாச்சிக்கு ஆண்டுதோறும் புது உடை உடுத்தும் வழக்கம் இருப்பதால் இதற்குத் தனிச் சந்தை உண்டு. ஆனால் மரப்பாச்சியின் கைகள் பெரும்பாலும் உடலோடு ஒட்டியே இருக்கும். சட்டைக் கை நுழையாது. ரவிக்கையை முன்னும் பின்னுமாக வெட்டி வைத்து ஒட்ட வேண்டும். தலை பெரிது, கால் குட்டை, எனவே மேலே சொன்ன எட்டின் கணக்கு இதற்குச் செல்லாது. ஒவ்வொரு பொம்மைக்கும் தாளில் அளவெடுத்து வெட்டுங்கள். இன்னொன்று: மரபாக மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது. செம்மரம் 1995 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், அதாவது நாடுகளுக்கிடையே விற்பதற்குக் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கிறது. ரசீது தராத ஆளிடம் 'அசல் செம்மரம்' என்று சொன்னதை நம்பி வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறு மரத்தில் சாயம் பூசியதை அப்படியே சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பசை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குளூ கன் வேண்டாம். வேகமாக ஒட்டும், உண்மை. ஆனால் கொலுப் பொம்மையின் வாழ்க்கை ஒன்பது நாள் படியில், மீதி நாளெல்லாம் பரணில். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் பரண் எப்படிக் கொதிக்கும் என்று தெரியுமல்லவா? சூட்டில் உருகி ஒட்டிய பசை சூட்டிலேயே இளகும். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தால் ஜடை தனி, ஒட்டியாணம் தனி. தைக்கக்கூடியதைத் தையுங்கள், மற்றதற்குத் துணிப் பசை. பொம்மையை பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடிக் கொடுக்காதீர்கள்; ஈரம் உள்ளே நின்று மலிவான சரிகை கறுத்துவிடும். துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, ஒரு துண்டு வசம்பு போட்டுக் கொடுங்கள். பெட்டிக்கு ஆகும் செலவைத் தயங்காமல் விலையில் சேருங்கள். பெட்டி இருக்கிறது என்பதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

சட்ட விஷயம் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2020இல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. எனவே அந்தப் பதிவைச் செய்து பெஹ்சான் என்ற கைவினைஞர் அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள்; கைவினைக் கண்காட்சிகளில் இடம் கேட்கும்போதும் பல இடங்களில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கம்பியும் பின்னும் மணியும் உள்ள பொருள் என்பதால் 'அலங்காரப் பொம்மை, குழந்தைகள் விளையாட அல்ல' என்று சீட்டும் ஒட்டுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஸ்டாலுக்கு வரும் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு எட்டங்குல மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு வாய்க்குச் சரியாக இருக்கும்.

விலைக்கு ஓர் உதாரணக் கணக்கு. எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்குப் பெட்டி உட்படப் பொருள் செலவு 260 ரூபாய். மொத்தமாகச் செய்யும்போது ஜோடிக்கு ஐந்து மணி நேரம், மணிக்கு 100 ரூபாய், ஆக 500. மூன்று நாள் ஸ்டால் வாடகையும் போக்குவரத்தும் 6,000. நாற்பது ஜோடி விற்கும் என்று எதிர்பார்த்தால் ஜோடிக்கு 150. கூட்டினால் 910. உடைவது, விற்காதது, பேரத்தில் விடுவது ஆகியவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 1,050 அளவில் நிற்கும். இது லாபம் இல்லை, உங்கள் கூலி மட்டுமே. உங்கள் நேரத்துக்கு 100 ரூபாய் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏதாவது கடை 35 சதவீதக் கமிஷனில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அதே கணக்கு மாறும். ஸ்டால் செலவைக் கழித்துவிட்டாலும் கடை விலை 1,345 வரும். கடையில் 1,350க்குப் பார்த்ததை ஸ்டாலில் 1,050க்குப் பார்த்த வாடிக்கையாளர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார், கடைக்காரர் உங்களிடம் வருவார். ஆகவே முதல் நாளிலிருந்தே 1,350 என்று வைப்பது, இல்லையென்றால் கடைகளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுப்பது, இரண்டில் ஒன்று. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். குறைந்த விலையில் தொடங்கிவிட்டு ஏற்றுவது மிகவும் கடினம்.

பொம்மைகளை ஒவ்வொன்றாக முடிக்காதீர்கள். எல்லாத் தலைகளும், பிறகு எல்லா உடம்புகளும், பிறகு எல்லாக் கொசுவங்களும் என்று போங்கள். களிமண் வேலையைப் பங்குனி, சித்திரை வெயிலில் முடித்துவிட்டால் நன்றாகக் காயும். ஆவணிக்குள் பெட்டியில் இருக்க வேண்டும், ஏனென்றால் கொலுக் கண்காட்சிகள் நவராத்திரிக்குப் பல வாரம் முன்பே தொடங்கிவிடுகின்றன. மகாளய அமாவாசை அன்று படி கட்டிவிடுகிறவர்கள் அதற்கு முன்பே வாங்கி முடித்திருப்பார்கள். சென்னையில் பூம்புகார் நிறுவனம் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது. சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் நவராத்திரி விற்பனைக் கண்காட்சிக்கு மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஸ்டால் போடும் முன் ஒருமுறை மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் நடந்து, என்ன விற்கிறது என்பதை விட, மக்கள் எதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ஸ்டாலில் மூன்று படி கட்டி, பொம்மைகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வையுங்கள். ஜடையும் கச்சமும் அதில் தெரியும். தொட்டுத் திருப்பி ஜிமிக்கியைக் கழற்றும் கைகள் குறையும். முழுக் கல்யாண செட் ஒன்று, நிச்சயதார்த்தம் முதல் நலங்கு வரை, நடுவில் இருக்கட்டும். அது விற்காவிட்டாலும் பரவாயில்லை, கூட்டத்தை நிறுத்துவது அதன் வேலை. காசு வருவது தனி ஜோடிகளிலும், 200, 300 ரூபாய்க்கு எடுத்துப் போகும் உதிரிகளிலும்தான்: சீர்த் தட்டு, குத்துவிளக்கு, தவில், ஊஞ்சல்.

கொலு வைப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்ப்பார்கள். இந்த வருடம் மாலை மாற்றும் ஜோடியை வாங்கியவர் அடுத்த வருடம் அதே வீட்டுக் கல்யாணத்துக்கு நாதஸ்வரக் கோஷ்டி கேட்டு வருவார். அவரிடம் இருக்கும் மாப்பிள்ளைக்கும் நீங்கள் புதிதாகச் செய்த தவில்காரருக்கும் அளவு ஒத்துப்போனால்தான் வியாபாரம். ஆகவே எட்டு அங்குலமோ ஒன்பதோ, எதைத் தேர்ந்தாலும் அதை மாற்றாதீர்கள். தலை அச்சையும் வெட்டுத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உயரத்தையும், அந்த செட்டில் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்பதையும் எழுதிய ஒரு சீட்டை வையுங்கள். ஜடை அறுந்தாலோ கை ஒடிந்தாலோ சரிசெய்து தருவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர் வெறும் கையோடு திரும்புவது அபூர்வம்.